உலோகம் காட்டும் கருவியும் புதையல் ஆசையும்

ஐதராபாத்தில் குடியேறும் தமிழர் எவரும் முதல் ஆண்டிலேயே நிஜாமின் புதையலைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க இயலாது. இந்தக் குன்றின் அடியில் சுரங்கம் உண்டு, அந்த மாளிகையின் சுவரினுள் பொற்காசுக் குடம் உண்டு என்று பால்காரரும் சொல்வார், ஆட்டோக்காரரும் சொல்வார். கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதே நம்மவர் வழக்கமாக இருந்து வந்தது. இப்பொழுது அந்தச் சிரிப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. காரணம், உலோகம் காட்டும் கருவி, அதாவது கடைக்காரர்கள் ‘மெட்டல் டிடெக்டர்’ என்று கூறும் பொருள், ஒரு கைப்பேசியின் விலைக்கே வீடு தேடி வந்து சேர்ந்துவிடுகிறது. நம் குடும்பங்களிலும் இரண்டொரு பிள்ளைகள் அதனை வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய மறுநாளே அவர்கள் போக விரும்பும் இடம் கோல்கொண்டா.

எம் தமக்கை மகனும் அவர்களுள் ஒருவன். கல்லூரி மாணவன், கெட்டிக்காரன். ஆயினும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, “மாமா, ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போவோம்” என்றான். கோட்டை எங்கும் போய்விடாது, முதலில் கொல்லையில் பழகு என்று நாம் நிறுத்தி வைத்தோம். அதன் பின் ஒரு மாத காலம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருவருமாகப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றையும், அதன் பொருட்டுப் படித்தறிந்தவற்றையும் நேயர்களுக்குச் சொல்வது பயனுடையது என்று கருதுகிறோம். இதில் விளையாட்டும் உண்டு. சிறை வாசலும் உண்டு. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நல்லது.

முதலில் கருவியின் இயல்பைச் சொல்லிவிடுவோம். கோலின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. அதனுள்ளே செம்புக் கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் ஓயாது மாறும் காந்தப்புலம் ஒன்று நிலத்தினுள் இறங்குகிறது. அங்கே உலோகம் ஏதேனும் கிடக்குமாயின், அதனுள் சிறு மின்சுழல்கள் தோன்றித் தம் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அதனை மற்றொரு சுருள் வாங்கி ஒலியாக மாற்றி நம் காதில் போடுகிறது. வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகவும் இரும்பு வேறு விதமாகவும் எதிரொலிப்பதால், ஓரளவு வகை பிரித்துத் திரையில் ஓர் எண்ணையும் காட்டுகிறது. அவ்வளவுதான். கருவிக்கு உலோகம் தெரியும், புதையல் தெரியாது.

அந்த எண்ணை நம்பி ஏமாறுவோர் பலர். நகரின் கடை ஒன்றில் விசாரித்தபோது, “தங்கத்தைத் தனியாகக் காட்டும் சார், இருபது அடி ஆழம் வரை காட்டும்” என்று விற்பனையாளர் அடித்துச் சொன்னார். இரண்டும் மெய்யல்ல. சிறிய பொன் மோதிரமும் சிகரெட்டுப் பெட்டியின் அலுமினியத் தாளும் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆழமோ, ஒரு நாணயத்தை ஒரு சாண் ஆழத்தில் உணர்ந்தால் சாதாரணக் கருவிக்கு அதுவே பெரிய காரியம். குடம் போன்ற பெரிய பொருளாயின் இன்னும் சற்று ஆழத்தில் அகப்படலாம். இருபது அடி என்பது கடைக்காரரின் நாவன்மை.

புதிதாகக் கற்பவர் முதலில் செய்ய வேண்டுவது, கிடைக்குமா என்று தேடுவதன்று. இருப்பதைக் கேட்டுப் பழகுவது. நாம் கொல்லையில் முழ இடைவெளி விட்டு ஏழு பொருள்களைப் புதைத்தோம். பத்து ரூபாய் நாணயம், ஒரு ரூபாய் நாணயம், பாட்டியின் சுருக்குப் பையில் எஞ்சியிருந்த அலுமினியப் பத்துப் பைசா, துருப்பிடித்த ஆணி, சோடாப் புட்டியின் மூடி, அலுமினியத் தாள், ஒரு வெள்ளி மெட்டி. எது எங்கே என்று தாளில் குறித்துக்கொண்டோம். பிறகு நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் அவற்றின் மேல் கோலை ஓட்டி, ஒவ்வொன்றின் ஒலியையும் மனத்தில் பதித்தோம். சங்கீதம் கற்பவர் சுரம் பிடிப்பதைப் போன்றது இது. முதல் வாரம் எல்லாம் ஒரே கீச்சொலி. மூன்றாம் வாரத்தில் ஆணியின் ஒலி கரகரத்து உடைவதும், மெட்டியின் ஒலி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே சீராக உருண்டு வருவதும் தெளிவாகத் தெரிந்தன.

கோலை வீசும் முறையிலும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலோர் சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் போல வீசுகிறார்கள். இரு முனைகளிலும் தட்டு மேலே எழும்பிவிடுகிறது. அங்கே ஆழம் பறிபோகிறது. தட்டு தரையை ஒட்டியபடி, உரசாமல், இடமும் வலமும் மெதுவாகச் செல்ல வேண்டும்; ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடிச் செல்ல வேண்டும். நம் பெண்கள் வாசல் மெழுகும்போது கை போகிற போக்கைப் பார்த்தால் இது உடனே விளங்கும். ஒலி வந்தால் அதே இடத்தைக் குறுக்காகவும் வீசிப் பார்க்க வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடமே பொருள் கிடக்கும் இடம். கடப்பாரை வேண்டா, சிறு கரண்டியால் புல்லை வட்டமாக எடுத்து, பொருளைக் கண்டபின் மீண்டும் மூடிவிட வேண்டும்.

அயல்நாட்டுக் கையேடுகளில் உள்ள ஒரு அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. இரும்பை ஒதுக்கும்படி கருவியைத் திருகிவிட்டால் தொல்லையில்லை என்று அவை கூறும். அவர்கள் நாட்டில் அது சரியாக இருக்கலாம். இங்கோ, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து வெளிவந்த நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் ஈர்க்கும் துருவேறா எஃகினால் ஆனவை. இரும்பை ஒதுக்கினால் சில வேளைகளில் அவற்றையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறது கருவி. பத்து ரூபாய் நாணயமும் பழைய அலுமினியப் பைசாவும் நன்றாகவே ஒலிக்கின்றன. ஒரு பைசா மதிப்பில்லாத காசு உரக்கக் கூவ, செல்லுபடியாகும் காசு வாய் மூடிக் கிடப்பதை எண்ணி நாங்கள் சிரித்தோம்.

இன்னொன்று, இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு உரியது. லாலாகூடா, சிகந்தராபாத் போன்ற இடங்களில் நீராவி எஞ்சின்கள் பல்லாண்டு ஓடியிருக்கின்றன. அவை கொட்டிய நிலக்கரிக் கசடு இன்னும் மண்ணில் கிடக்கிறது. கசடும் கருவியில் ஒலிக்கும்; சில வேளைகளில் நல்ல உலோகத்தைப் போலவே ஒலிக்கும். அத்துடன் ஆணிகள், மரையாணிகள், கம்பித் துண்டுகள். இத்தகைய நிலம் கற்பவர்க்குக் கொடிய ஆசிரியர். ஆனால் நல்ல ஆசிரியர். தண்டவாளப் பக்கம் மட்டும் கருவியுடன் போகவே கூடாது. இரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; தண்டவாளத்தருகே கோலும் காதுக்கருவியுமாக நிற்பவன் வண்டி வருவதையும் கேளான். இதனை நாம் அலுவலக முறையிலேயே சொல்லுகிறோம்.

தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு வாஷிங்டன் இரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடலினுள் எங்கே தங்கியது என்று தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தை ஒலியால் உணர்த்தும் ஒரு கருவியை அவசரமாக அமைத்துக்கொண்டு வந்தார். முன்பு சோதித்தபோது நன்றாக வேலை செய்த கருவி, நோயாளியின் மேல் பிடித்தபோது எங்கும் மெல்ல முனகியது. அவர் படுத்திருந்த மெத்தையினுள் எஃகுச் சுருள்கள் இருந்தன. மேலும், குண்டு வலப்புறம் இருப்பதாக மருத்துவர் முடிவு கட்டியிருந்ததால் அந்தப் பக்கமே சோதிக்கப்பட்டது. அது கிடந்ததோ இடப்புறம். செப்டம்பர் 19ஆம் நாள் ஜனாதிபதி காலமானார். இன்று கருவியைக் கையில் எடுப்பவர்கள் இடுப்பு வார்ப்பூட்டையும் முனையில் இரும்பு வைத்த காலணியையும் கழற்றிவைக்கும் பழக்கத்தை இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். நம் இரயில் நிலைய வாயிலில் நிற்கும் சட்டத்தின் கதையும் இதுவேதான். சாவிக்கொத்தும் கைப்பேசியும் டிபன் கேரியருமாக வருகிற அத்தனை பேருக்கும் அது ஒரே விதமாகக் கூவுகிறது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றளவும் வழக்கில் இருக்கிறது. மண்ணிலோ மண்ணோடு பொருந்திய எதிலுமோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எப்பொருளும் அதன் கண்ணுக்குப் புதையல்தான். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடத்தில், எந்த நாளில் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். பொருளை அரசாங்கக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது பிணை கொடுக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது 1878இல் ஒரு தொகை. இன்று ஒரு தேநீருக்கும் போதாது. ஆனால் சட்டத்தில் எழுதியது எழுதியபடியே நிற்கிறது. அறிவிக்காமல் மறைத்தவர் தம் பங்கை இழப்பதுடன் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் ஆளாகலாம்.

மறைக்காதவருக்குச் சட்டம் பகையன்று. நூறு ஆண்டுகளுக்குள் தாமோ தம் முன்னோரோ புதைத்தது என்று எவரும் மெய்ப்பிக்காவிடில், கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது, முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கும் கால் பங்கு நிலத்துக்குரியவருக்கும் சேரும். அரசாங்கம் தானே வைத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்புடன் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு நேர்மையான ஏற்பாடு இருந்தும் நம் நாட்டில் கிடைத்தவற்றுள் எத்தனை தட்டாரின் உலையில் உருகிப் போயினவோ! இங்கிலாந்தில் 2009ஆம் ஆண்டு ஸ்டாபோர்டுஷயர் வயலொன்றில் இத்தகைய கருவியால் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் பொற்குவியல் ஒன்று கிடைத்தது. கண்டவர் முறைப்படி அறிவித்தார். ஏறத்தாழ 33 இலட்சம் பவுன் என்று மதிப்பிட்டு, அத்தொகையை அவருக்கும் நிலத்துக்குரியவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பொருள்கள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கோல்கொண்டாக் கோட்டையும் சார்மினாரும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய இடங்களில் அனுமதியின்றி ஒரு பிடி மண்ணையும் அகழக் கூடாது. அங்கே கருவியுடன் திரிவதைக் காவலர் விளையாட்டென்று கொள்ளமாட்டார். நூறாண்டைக் கடந்த நாணயமும் சிலையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கும் உட்பட்டவை. சட்டம் ஒருபுறம் இருக்க, வேறொரு காரணமும் உண்டு. ஆராய்ச்சியாளருக்கு நாணயத்தைக் காட்டிலும் அது கிடந்த மண்ணடுக்கு முக்கியம். எந்தச் சுவரை ஒட்டி, எந்தப் பானையோட்டுடன், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதே காலத்தைச் சொல்லும். பிடுங்கி எடுத்த காசு பேசாது. இதைச் சொன்ன பிறகுதான் எம் மருமகன் கோட்டை யோசனையைக் கைவிட்டான்; சிறைக்கு அஞ்சியதைவிட இதற்கு அவன் மதிப்புக் கொடுத்தது எமக்கு மகிழ்ச்சி அளித்தது.

புதையல் வேட்டையில் அரசாங்கமே இறங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. இந்நகரிலேயே, சைபாபாத்தில் நௌபத் பகாடுக் குன்றை ஒட்டிய வித்யாரண்யா பள்ளி வளாகத்தில், நிஜாம் காலத்துச் செல்வம் இருப்பதாக வந்த தகவலின் பேரில் 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மாநிலத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். கல்லும் மண்ணும் வந்தன, புதையல் வரவில்லை. மறு ஆண்டு, 2013 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில் தௌண்டியா கேடா என்னும் ஊரில், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கண்ட கனவு நாடெங்கும் பரபரப்பை மூட்டியது. அங்கேயும் அகழ்ந்தார்கள். பானையோடு கிடைத்தது.

தேடாதபோது கிடைத்ததற்கும் சான்று இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவல் திருக்கோயிலில் 2020 பிப்ரவரியில் வளாகத்தைச் சீர்செய்து குழி தோண்டிய பணியாளர்கள் ஒரு பாத்திரத்தைக் கண்டார்கள். அதனுள் 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோ. எந்தக் கருவியும் கூவவில்லை, மண்வெட்டி முட்டியது. உடனே அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். காசுகள் கருவூலத்துக்குச் சென்றன.

இக்கருவியை உண்மையாகவே கற்றவர்கள் யார் என்று கேட்டால், புதையல் தேடுவோரை நாம் சொல்லமாட்டோம். இரண்டாம் உலகப் போரில் யூசெப் கொசாட்ஸ்கி என்னும் போலந்து அதிகாரி அமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி, 1942இல் எல் அலமைன் போரில் பிரிட்டிஷ் படைகளுக்குப் பாலைவனத்தில் வழி திறந்தது. ஒரு வீரன் சுமக்க வேண்டிய எடை ஏறத்தாழ 14 கிலோ. அதன் வழிவந்த கருவிகளை இன்று ஈழத்தில் நம் தமிழ்ப் பெண்கள் கையில் ஏந்தியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தீபகற்பத்தைப் பெருநிலத்தோடு சேர்க்கும் குறுகிய நிலப்பகுதியில் முகமாலை என்றோர் ஊர் உண்டு. போர்முனை பல்லாண்டு அங்கே நிலைத்து நின்றதால், 2009 மே மாதம் போர் முடிந்தபோது அந்த மண் கண்ணிவெடிகளால் நிறைந்து கிடந்தது. அவற்றை அகற்றும் பணியில் சேர்ந்தவர்களில் பெண்கள் பலர். கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தனியே சுமப்பவர்கள் பலர்.

அவர்கள் பழகும் முறையைப் படித்தபோது எங்கள் கொல்லைப் பயிற்சி மிகச் சிறியதாகத் தோன்றிற்று. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன், அளவறிந்த ஓர் உலோகத் துண்டின் மேல் கருவியைப் பிடித்துச் சரிபார்க்கிறார்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையைக் குறித்துக்கொண்டு, முகத்தில் கண்ணாடிக் கவசத்தோடு, கொளுத்தும் வெயிலில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக முன்னேறுகிறார்கள். சில வெடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் உள்ள உலோகம் மிகச் சிறிது. ஒலியும் அவ்வளவு மெல்லியது. ஒலி வந்தால் மேலிருந்து தோண்டுவதில்லை. சற்று விலகிக் குழி வெட்டிப் பக்கவாட்டிலிருந்து மெல்ல அணுகுகிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது ஆணி, தோட்டாவின் கூடு, குண்டின் சிதறல். ஆயினும் நூறாவது ஆணியையும் வெடியென்றே கருதி எடுக்க வேண்டும். இலங்கை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது 2017 டிசம்பரில். துப்புரவான நிலங்களுக்கு மக்கள் திரும்பி வீடு கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுப் பயனாக இக்கருவியால் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டு மனையில் புதைந்த தண்ணீர்க் குழாய் இரும்பாயின் அதன் போக்கை அறியலாம். மரம் அறுக்குமுன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்க்கலாம். புல்வெளியில் தொலைந்த மோதிரத்தையோ கொலுசையோ தேடலாம். தொலைத்தவர் கேட்டு, நிலத்துக்குரியவர் இசைந்தால். எங்கள் தெருவில் ஒரு மராட்டிய அம்மையாரின் பொன் மூக்குத்தித் திருகு தோட்டத்தில் விழுந்துவிட்டது. அவ்வளவு சிறிய பொருளுக்குக் கருவி நேர் மேலே, மிக அருகில் செல்ல வேண்டும். எம் மருமகன் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு மாலை நேரங்கள் தேடினான். பதினேழு ஆணி, நான்கு சோடா மூடி, உடைந்த பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று, இவற்றுக்குப் பின் துளசி மாடத்தின் அடியில் திருகு அகப்பட்டது.

நிஜாம் காலத்து நாணயங்களைப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால், பொதுத் தோட்டத்திலுள்ள மாநில அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். சைபாபாத்தில், நிஜாம் காலத்திலேயே நாணயம் அடித்த பழைய அக்கசாலையிலும் 2022 ஜூனில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். சார்மினார் பொறித்த வெள்ளி ரூபாயை எங்கள் பையன் கண்ணாடியின் மீது மூக்கு அழுந்தப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, இது ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால் எந்த எண் காட்டும் மாமா என்று கேட்டான்.